எனக்குப் பஞ்சியாக் கிடக்கு

புங்குடுதீவில் என்னைப் பற்றி ஒரு கதை உண்டு. "ஞாயிற்றுக்கிழமையில அடுப்பு மூட்டாத ரீச்சர்" என்பார்கள். அது முழு உண்மையில்லை. காலையில் ஒரு தரம் மூட்டுவேன். அந்த ஒரு தரத்தோடு சரி. அதற்குப் பிறகு யார் வந்தாலும், யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், திங்கட்கிழமை விடியும்வரை அந்த அடுப்பில் சாம்பல்தான் கிடக்கும். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் எடுத்த முடிவு அது. இன்றுவரை அதற்காக ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை.

அப்போது எங்கள் வீட்டில் நாலு பேர். நான், என் மகள், அவளுக்கு இளைய மகன், மாமா என்று நான் கூப்பிடும் என் மாமனார். மாமி நான் கலியாணம் முடித்து வருவதற்கு முன்னமே காலமாகிவிட்டா. என் கணவர் மலைநாட்டுப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டினத்தில் கடை வைத்திருந்தார். வருசப் பிறப்புக்கும் தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவார், பெட்டியோடு வந்து பெட்டியோடு போவார். அவருடைய அக்கா, எனக்கு மச்சாள், அவவுக்கு நானும் மச்சாள், இரண்டு வேலி தள்ளிக் குடியிருந்தா. நான் வேலணையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். காலையில் பஸ் ஏறிக் கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதியைக் கடந்து போய், பின்னேரம் உப்புக்காற்றில் தலைமயிர் கயிறாகித் திரும்பி வருவேன்.

எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு என்றால் சோறு, ஒரு மீன் குழம்பு, ஒரு பால்கறி, ஒரு வறை, கடைசியில் சொதி. பள்ளிக்கூட நாட்களில் இதையெல்லாம் கோழி கூவ முன்னம் எழும்பிச் செய்து மூடி வைத்துவிட்டுப் போவேன். செய்வது என்றால் அடுப்படியில் நிற்பது மட்டுமில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். குடிக்கவும் சோறு வைக்கவும் நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குக் குடத்தோடு நடக்க வேண்டும். தேங்காய் துருவ வேண்டும், பால் பிழிய வேண்டும், மிளகாயை அம்மியில் அரைக்க வேண்டும், மீனைச் சாம்பல் போட்டு உரஞ்சி வெட்ட வேண்டும். மழை நாளில் விறகு எரியாமல் கண் எரியும். சாப்பிட்டு முடிய நாலு பேருக்குக் கால்மணி நேரம்கூட எடுக்காது.

சில வருசம் ஞாயிற்றுக்குப் பதில், நிலாக் கணக்கில் வரும் போயா நாட்களில்தான் லீவு விட்டார்கள். பிறகு லீவு திரும்ப ஞாயிற்றுக்கிழமைக்கே வந்தது. அப்படி வந்த புதிதில் ஒரு ஞாயிறு, குசினி நிலத்தில் திருவலையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்து நித்திரையாகிவிட்டேன். கையில் பாதித் தேங்காய். முந்திய நாள் முழுக்கச் சோதனைத் தாள் திருத்தியிருந்தேன். மாமா வாசலுக்கு வந்து நின்ற சத்தம் அரை நித்திரையில் கேட்டது. செருமினார். கண்ணைத் திறக்க எனக்குச் சக்தி இல்லை. நான் நித்திரை என்பது அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த என் மகளிடம் சொன்னார்:

"கொம்மாவை எழுப்பு. பசிக்குது."

எனக்குக் கோபம் வந்தது அவருடைய பசியில் இல்லை. பசி எல்லாருக்கும் வரும். ஒரு மனிசி தேங்காயைப் பிடித்தபடி விழுந்து நித்திரை கொள்கிறாள் என்றால் அவளுக்கு என்ன என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லையே, அதில்தான் கோபம். எழும்பிச் சமைத்தேன். குழம்பும் வைத்தேன், வறையும் வைத்தேன், சொதியும் வைத்தேன். பரிமாறும்போது எனக்குள் ஒரு முடிவு வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு சமைக்கவில்லை.

சனிக்கிழமை இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன். காலையில் அதைப் பிசைந்து, கொஞ்சம் தயிர் விட்டு, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு, தேசிக்காய் பிழிந்து ஆளுக்கொரு கோப்பை கொடுத்தேன். அதற்குப் பெயர் பழந்தண்ணி. அதைக் குடித்தால் வயிறு குளிர்ந்து ஒரு சோம்பல் வரும், அது எனக்கு வேண்டிய சோம்பல்தான். பிறகு ஒரே ஒரு தரம் அடுப்பை மூட்டி மரவள்ளிக் கிழங்கை உப்புப் போட்டு அவித்து இறக்கினேன். சம்பலுக்கு அம்மி தேவையில்லை. செத்தல் மிளகாயை அந்தத் தணலிலேயே சுட்டு, வெங்காயத்தோடும் உப்போடும் கையால் நசித்துத் தேசிக்காய் விட்டால் போதும். அடுப்பை அணைத்துவிட்டு வேப்ப மரத்தடியில் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

மத்தியானம் மாமா வந்து கோப்பையைப் பார்த்தார்.

"பிள்ளை, இதென்ன?"

"கிழங்கும் சம்பலும் மாமா."

"அது தெரியுது. சோறு?"

"இண்டைக்குச் சோறு இல்லை."

அவர் முகம் மாறியது. "ஏன், உனக்குச் சுகமில்லையோ?"

அந்த இடத்தில் ஒரு வழி திறந்து கிடந்தது. காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம், தலையிடி என்று சொல்லியிருக்கலாம். மாமா மறு பேச்சுப் பேசாமல் கிழங்கைச் சாப்பிட்டிருப்பார், மச்சாள் ஓடிவந்து மிளகுரசம் வைத்திருப்பா. எங்கள் ஊரில் ஒரு பெண் அடுப்படியை விட்டு விலகி இருக்க வருத்தம் வேண்டும், துடக்கு வேண்டும், இல்லாவிட்டால் செத்த வீடு வேண்டும். இவற்றில் ஒன்றும் என்னிடம் இல்லை.

"சுகமாத்தான் இருக்கிறன்," என்றேன். "எனக்குப் பஞ்சியாக் கிடக்கு."

பஞ்சி என்றால் எங்கள் பேச்சில் சோம்பல். ஆனால் சோம்பல் என்ற சொல்லில் இல்லாத ஒரு சுகம் பஞ்சியில் இருக்கிறது. உடம்பு இருந்த இடத்தில் இருக்க ஆசைப்படும், அவ்வளவுதான். ஆண்கள் வாசலில் காலை நீட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சொல்லும் சொல் அது. என் வாயிலிருந்து வந்தபோது மட்டும் மாமாவுக்கு அது கெட்ட வார்த்தை மாதிரிக் கேட்டது. சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படலையைத் திறந்து தன் மகள் வீட்டுக்கு நடந்தார்.

சாப்பிட்டு முடிந்து அவர் அங்கே படுத்திருக்கும் நேரம் பார்த்து மச்சாள் வந்தா.

"மச்சாள், உமக்கு என்ன வந்தது?"

"பஞ்சி வந்தது."

"விளையாடாதையும். அப்பு பசியோட வந்து குந்தினவர். ஊர் பார்த்தால் என்ன சொல்லும்?"

"கிழங்கு அவிச்சு வைச்சனான், அவர் தின்னேல்லை எண்டு சொல்லும்."

மச்சாள் தலையில் கையை வைத்தா. நான் கதிரையிலிருந்து எழும்பவில்லை. மரியாதைக்கு எழும்பியிருக்க வேண்டும். எழும்பினால் குசினிக்குள் போய்விடுவேன் என்று பயம்.

அப்படியே தொடர்ந்தது. சில ஞாயிறுகளில் கிழங்குக்குப் பதில் புட்டு. அரிசிமாவைச் சனிக்கிழமையே வறுத்து வைத்துவிடுவேன். பனையோலை நீத்துப்பெட்டியில் ஒரு தரம் அவித்தால் காலையில் வாழைப்பழமும் சீனியும் போட்டுப் பிசைந்து ஒரு நேரச் சாப்பாடு, மத்தியானம் அதே புட்டுக்குத் தயிரும் ஒரு கடி ஊறுகாயும். பேக்கரியிலிருந்து பாண்காரர் சைக்கிளில் வந்தால் அன்று புட்டும் இல்லை, பாணைப் பிய்த்துச் சம்பலோடு தின்போம், ஒரு சட்டி கழுவ வேண்டியதில்லை. சனிக்கிழமைக் கறிகள் மிஞ்சியிருந்தால் எல்லாவற்றையும் சோற்றோடு ஒரே சட்டியில் கொட்டிக் குழைத்து, பிள்ளைகளைச் சுற்றிவர இருத்திக் கையில் கவளம் கவளமாகக் கொடுப்பேன். அதற்குப் பிள்ளைகள் தங்களுக்குள் அடிபடுவார்கள். மூன்று கறி வைத்த நாளில் ஒரு நாளும் அப்படி அடிபட்டதில்லை.

மாமா ஒவ்வொரு ஞாயிறும் சால்வையோடு போனார். மச்சாள் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டார். கிணற்றடியில் பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி நேரே கேட்டாள், "ரீச்சர், மாமனுக்குச் சோறு குடுக்கிறேல்லையாம்?" "கிழமைக்கு ஆறு நாள் குடுக்கிறன்," என்றேன். "உங்கட வீட்டில ஏழு நாளோ? பாவம்." அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாளா, தன்னை நினைத்துச் சிரித்தாளா தெரியாது.

திருவிழாவுக்குக் கணவர் வந்தார். கதை அவர் பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்னமே அவர் காதுக்குப் போயிருந்தது. வெள்ளி, சனி இரண்டு நாளும் வகை வகையாகச் சமைத்துப் போட்டேன். சனி இரவு அவர் மெதுவாகத் தொடங்கினார்.

"இஞ்சாரும். நாளைக்கு ஞாயிறு."

"ஓம்."

"நானும் நிக்கிறன்தானே. நாளைக்கு மட்டும் சமையுமன். ஊர் சிரிக்குது."

"உங்கட கடை ஞாயிற்றுக்கிழமை திறக்கிறதோ?"

"இல்லை. லீவு."

"அப்ப சனம் அண்டைக்குப் பட்டினியோ?"

"சனிக்கிழமையே வாங்கி வைச்சிடுவினம்." சொல்லிவிட்டுத்தான் எங்கே வந்து மாட்டிக்கொண்டார் என்று அவருக்கு விளங்கியது. பிறகு சொன்னார், "அது கடை. இது வீடு. நான் அங்கை தனியக் கிடந்து, ஒரு பொடியன் வைக்கிற பருப்பைத் தின்னுறன். வருசத்தில சில நாள்தான் உம்மட கையால சாப்பிடுறன்."

அது என்னைச் சுட்டது. அவர் பொய் சொல்லவில்லை. மெலிந்துதான் வந்திருந்தார். ஒரு கணம், சரி, இந்த ஒரு ஞாயிறு போகட்டும் என்று நினைத்தேன். ஆனால் எனக்குத் தெரியும், அவருக்காக விட்டுக்கொடுத்த ஞாயிறு திரும்பி வராது. அடுத்தது மாமாவுக்காகப் போகும், அதற்கடுத்தது யாரோ விருந்தாளிக்காகப் போகும்.

"திங்கள் சமைக்கிறன். செவ்வாய் சமைக்கிறன். நீங்கள் நிக்கிற நாள் முழுக்கச் சமைக்கிறன்," என்றேன். "நாளைக்கு ஏலாது."

ஞாயிறு அவர் பழந்தண்ணியைக் குடித்தார், புட்டைச் சாப்பிட்டார், பின்னேரம்வரை என்னோடு கதைக்கவில்லை. ஆனால் தகப்பனோடு அக்கா வீட்டுக்குப் போகவும் இல்லை. அதை நான் கவனித்தேன்.

கணவர் போய்ச் சில கிழமைக்குப் பிறகு ஒரு ஞாயிறு மாமா சால்வையை எடுக்கவில்லை. பின்வளவில் ஏதோ உருட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் மூன்று கல்லை வைத்து அடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். கரைக்குப் போய் ஓரா மீன் வாங்கி வந்து ஓலையில் போட்டு வைத்திருந்தார். காரணம் பிறகுதான் தெரிய வந்தது. மச்சாள் அவரிடம், "அப்பு, ஒவ்வொரு ஞாயிறும் எண்டா எனக்கும் ஏலாது," என்று சொல்லிவிட்டாவாம்.

மாமாவுக்கு எழுபது வயது. அதுவரை ஒரு தேத்தண்ணிகூடத் தானாகப் போட்டதில்லை. என்னிடம் உதவி கேட்கவும் மாட்டார். நான் விறாந்தையில் இருந்து தாள் திருத்தினேன். சோறு அடிப்பிடித்த மணம் வந்தது. எழும்பிப் போகக் கால் துடித்தது, போகவில்லை. அவருக்கும் வீறாப்பு, எனக்கும் வீறாப்பு. நடுவில் என் மகள் ஓடித் திரிந்தாள்.

"அம்மா, புளி எப்ப விடுறது எண்டு அப்பப்பா கேக்கச் சொன்னவர். தான் கேட்டதெண்டு சொல்ல வேண்டாமாம்."

"மீன் போட முன்னம் விடச் சொல்லு. பால் கடைசியில. நான் சொன்னதெண்டு சொல்லாதை."

அன்றைய குழம்பு வாயில் வைக்க முடியாத புளிப்பு என்று பிள்ளைகள் சொன்னார்கள். மாமா முழுவதையும் தானே சாப்பிட்டு முடித்தாராம். அடுத்த ஞாயிறும் கல்லடுப்பு எரிந்தது. அதற்கடுத்த ஞாயிறும். மழைக்காலம் வருவதற்குள் அவருடைய கை பிடிபட்டுவிட்டது. ஒரு நாள் மகள் ஒரு கோப்பை குழம்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"அப்பப்பா தந்தவர். பஞ்சிக்காரிக்குக் குடுக்கட்டாம்."

கிழங்கைத் தொட்டுச் சாப்பிட்டேன். என் குழம்பைவிட நன்றாக இருந்தது. பின்வளவுக்குப் போய் அவருக்கு நேரே சொன்னேன், "மாமா, நல்லாயிருக்கு. என்ர இப்பிடி வராது." அவர் நெருப்பைத் தள்ளி விட்டபடி, "உனக்குப் பஞ்சி. எனக்கென்ன?" என்றார்.

மச்சாளுக்கு இதுவும் பொறுக்கவில்லை. "எழுபது வயசு மனிசனைப் புகைக்குள்ளை வேக விட்டிட்டுக் கதிரையில படுத்திருக்கிறீர்," என்று என்னிடம் சத்தம் போட்டா. நான் பதில் சொல்ல முன்னம் மாமா பின்வளவிலிருந்து, "உன்ர வேலையைப் போய்ப் பார்," என்று தன் மகளை அதட்டினார். ஆனால் ஊரில் யாராவது கேட்டால், மருமகள் தனக்குச் சோறு தருவதில்லை என்றுதான் சாகும்வரை சொன்னார். அதைச் சொல்வதில் அவருக்கு ஒரு பெருமையும் வந்துவிட்டிருந்தது.

பிறகு அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு வந்தது. பாணுக்குச் சனம் வரிசையில் நின்றது. தீவு முழுக்க மரவள்ளியும், காயவைத்த பனங்கிழங்கான ஒடியலும் தின்றது. எங்கள் வீட்டுச் சாப்பாடு ஊர்ச் சாப்பாடாகிவிட்டது. கிணற்றடியில் என்னைக் கேலி செய்தவர்கள், கிழங்கு கசக்காமல் எப்படி அவிப்பது, சம்பலுக்கு என்ன போடுவது என்று கேட்டார்கள். சொல்லிக் கொடுத்தேன். ஆனால் எனக்கு அதில் பெரிய சந்தோசம் இல்லை. அவர்கள் இல்லாமையால் தின்றார்கள். நான் வேண்டுமென்று தின்றேன். இரண்டும் ஒன்றில்லை.

எழுபதுகளின் கடைசிப் பக்கம், தெற்கிலும் மலைநாட்டிலும் கலவரம் வந்து எங்கள் ஆட்களின் கடைகளை எரித்த வருடம். கணவரிடமிருந்து பல நாளாக ஒரு தகவலும் இல்லை. இரவில் வானொலிக்குப் பக்கத்தில் நானும் மாமாவும் செய்திக்காகக் காத்திருப்போம். ஒரு ஞாயிறு மத்தியானம் பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் படலை திறந்தது. கணவர் வந்தார். கையில் பெட்டி இல்லை. போட்டிருந்த சேட்டு அவருடையது இல்லை, தோள் தொங்கியது.

மாமா எழும்பி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் கிட்டப் போகப் பயந்தார்கள். வேலிக்கு வெளியே சனம் கூடிவிட்டது. மச்சாள் தம்பியைக் கட்டிப் பிடித்து அழுதுவிட்டு என்னிடம் திரும்பினா.

"மச்சாள், இண்டைக்கெண்டாலும் அந்த அடுப்பை மூட்டும். பிள்ளை எத்தனை நாளாச் சாப்பிடாமல் வந்திருக்கிறானோ."

நான் மறுக்கவில்லை. என்னைக் கல்லென்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன், அன்று நான் குசினிக்குள் ஓடினேன். விறகை அடுக்கினேன், நெருப்புப் பெட்டியை எடுத்தேன். பின்னால் வந்து அவர் என் கையைப் பிடித்தார்.

"மூட்டாதையும்."

"சோறு ஒண்டு வைக்கிறன்."

"வேண்டாம். எனக்குப் புகை மணம் ஏலாது." அவர் குரல் நடுங்கியது. "இப்ப ஏலாது. என்ன கிடக்கோ அதைத் தாரும்."

காலையில் மிஞ்சிய பழந்தண்ணி மண்சட்டியில் குளிர்ந்து கிடந்தது. வெங்காயம் உரித்து வைத்தேன். குசினி நிலத்தில் இருந்து, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். இன்னொன்று கேட்டார். குடித்துவிட்டு அந்த இடத்திலேயே பாயில்லாமல் சரிந்து நித்திரையானார். நான் அவர் தலைக்குக் கீழே என் சேலையை மடித்து வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். மாமா பின்வளவில் அன்று மூட்ட வைத்திருந்த விறகைத் தள்ளி எறிந்துவிட்டு வந்து குசினி வாசலில் குந்தினார். மச்சாளும் அழுகையை நிறுத்திவிட்டா. அந்த வீட்டில் பொழுதுபடும்வரை ஒருவரும் அவரை எழுப்பவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? புருசன் உள்ளதெல்லாம் போய் வந்து நின்ற நாளிலும் அவள் பழஞ்சோறு குடுத்தவள் என்று அடுத்த கிழமைக்குள் வேலணைவரை போய்விட்டது. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டா, "உண்மையோ ரீச்சர்?"

புகையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவ கண் கலங்கியிருப்பா, ஊர் என்னை மன்னித்திருக்கும். அவருடைய நடுக்கத்தைக் காட்டி எனக்கு நல்ல பெயர் வாங்க நான் விரும்பவில்லை.

"உண்மைதான் அக்கா," என்றேன். "வெங்காயமும் வைச்சனான்."

அவர் பிறகு தெற்குக்குப் போகவில்லை. சில மாதம் வீட்டோடு இருந்தார். புகைக்குப் பழகினார், பழகாத நாட்களும் இருந்தன. பிறகு நயினாதீவுக்கு வள்ளம் எடுக்கும் குறிகட்டுவான் துறைப் பக்கம் ஒரு சின்னக் கடை போட்டார். சோடா, வாழைப்பழம், கற்பூரம், தேத்தண்ணி. கோயிலுக்குப் போகிற சனம் ஞாயிற்றுக்கிழமைதான் அள்ளுப்பட்டு வரும், அன்றுதான் அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

ஒரு சனிக்கிழமை என்னிடம் கேட்டார், "நாளைக்கு வந்து கடையில கொஞ்சம் நில்லுமன். தேத்தண்ணி ஊத்த ஆள் காணாது."

"ஞாயிற்றுக்கிழமையோ?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு வேறு ஆள் தேடப் போனார்.